குன்னூர் வீட்டை விற்பதற்கு முன் பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: பிப்ரவரி 2

குன்னூரில் பெட்போர்டு பக்கம் அப்பா 1978-இல் கட்டிய வீடு. கீழே இரண்டு அறை, மாடியில் ஒன்று, தகரக் கூரை. ஒன்றரை வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. நான் திருப்பூரில் இருக்கிறேன். சீசனுக்குள் விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன். தரகர், "முதல்ல உள்ளேயும் வெளியேயும் பெயின்ட் அடிங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்கிறார். விற்கப்போகும் வீட்டை அலங்கரிப்பது பற்றி யூடியூபில் நிறையப் பார்த்தேன்: குஷன், மேசை விளக்கு, பூச்சாடி. இதெல்லாம் நம் மலையில் எடுபடுமா? விற்ற அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பிப்ரவரி 2, இரவு

தம்பி, பெயின்ட் அடிக்காதீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

கோத்தகிரி பக்கம் அரவேணுவில் எங்கள் அம்மா வீட்டை விற்க எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆனது. அதில் பாதி, பெயின்ட் அடித்ததால் வீணானது. எங்களுக்கும் ஒரு தரகர் இதையேதான் சொன்னார். ஆகஸ்டில் நல்ல விலையுள்ள எமல்ஷன் வாங்கி மூன்று அறைக்கும் அடித்தோம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அக்காவும் நானும் வாசலில் நின்று, இதை விற்கத்தான் வேண்டுமா என்றுகூடப் பேசிக்கொண்டோம். நவம்பர் கடைசியில் கோவையிலிருந்து ஒரு குடும்பம் பார்க்க வந்தது. மூன்று வாரம் விடாமல் பெய்து ஓய்ந்திருந்த நேரம். பின் அறையில் கட்டில் இருந்த பக்கம் சுவர் முழுக்கக் கொப்புளம். வந்தவரின் அம்மா ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்தினார். பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நாங்கள் சொன்ன எதையும் அவர்கள் நம்பவில்லை. கூரைத் தகரம் போன வருடம்தான் மாற்றியது என்றேன். உண்மை அது, பில்கூட இருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். சுவர் ஓதத்தை மட்டும் பார்த்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டிருப்பார்கள். மறைத்ததைப் பார்த்ததால் விலையே கேட்கவில்லை.

பிப்ரவரி 3

ஓதம் ஏன் வந்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டின் பழைய பகுதி கல்லும் சுண்ணாம்புக் காரையும். அந்தக் காலத்துச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். வருடா வருடம் சுண்ணாம்பு அடித்தவரைக்கும் பிரச்சினை இல்லை. அதன்மேல் சிமென்ட் பூசி, எமல்ஷன் அடித்தால் ஈரத்துக்கு வெளியே போக வழியில்லை. உள்ளேயே நின்று பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறது.

இன்னொன்று, மலையில் வீட்டுக்காக மண்ணை வெட்டித்தான் இடம் எடுக்கிறோம். பின்சுவருக்கும் வெட்டிய மேட்டுக்கும் நடுவே ஆள் நடக்கிற அளவு இடமும், அதில் ஒரு வாய்க்காலும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது. இருபது வருடத்தில் மண் சரிந்து சரிந்து, ஜன்னல் உயரத்துக்குக் கீழே ஒரு முழம்வரை மூடியிருந்தது. அம்மா அதில் புதினா வைத்திருந்தார். அதனால் யாருக்கும் அது மண்மூடிய வாய்க்கால் என்று தோன்றவே இல்லை.

மூன்று ஆள், ஐந்து நாள். மண்ணை அள்ளி, வாய்க்காலைத் திறந்து, சுவரின் சிமென்ட் பூச்சைச் சுரண்டி, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். பெயின்ட்டுக்குச் செலவழித்ததில் பாதிகூட ஆகவில்லை.

பிப்ரவரி 3, மாலை

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். தம்பியின் வீடு 1978. அது பெரும்பாலும் செங்கல்லும் சிமென்ட்டுமாகத்தான் இருக்கும், சுண்ணாம்புக் கதை அதற்கு அப்படியே பொருந்தாது. முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எங்கள் கொத்தனார் சொல்லிக்கொடுத்த வழி: ஒரு முழம் நீள அகலத்தில் கண்ணாடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம், சுவரை ஒட்டி நீர் முத்திட்டிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் முத்திட்டிருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. முன்னதற்கு வெளியே மண்வெட்டி வேலை. பின்னதற்கு ஜன்னலைத் திறந்து வைக்க ஓர் ஆள் போதும்.

பிப்ரவரி 9

வாசனை பற்றி.

பூட்டிக் கிடந்த மலை வீட்டுக்கு ஒரு வாசனை உண்டு. நமக்குப் பழகிவிடும், கீழேயிருந்து வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும். நாங்கள் தண்ணீரில் தைலம் கலந்து தரை துடைத்தோம். நீலகிரிக்கே உரிய வாசனைதானே, வந்தவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தோம். ஒருவர் உள்ளே வந்ததும், "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

வாசனையின் மூலம் எங்கே என்று தேடினால் பெரும்பாலும் மூன்று இடம்தான்: இலவம்பஞ்சு மெத்தை, மர அலமாரியின் முதுகுப் பலகை, சமையலறைத் தொட்டியின் அடி. பழைய மெத்தை தலையணைகளை யோசிக்காமல் அப்புறப்படுத்துங்கள், அவை ஈரத்தைச் சேர்த்து வைக்கும் மூட்டைகள். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். உள்ளே அடுப்புக்கரியை மூங்கில் தட்டில் வைத்தால் நாற்றத்தை இழுக்கும். அப்புறம் தினமும் காலை பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து, மூடுபனி ஏறுவதற்கு முன் மூடிவிட வேண்டும். திறந்தே விட்டால் மதியம் பனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

திருப்பூரிலிருந்து இதைச் செய்ய முடியாது. பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சாவியும் மாதம் ஒரு தொகையும் கொடுங்கள். என் கணக்கில் எல்லாச் செலவிலும் முதல் செலவு இதுதான்.

பிப்ரவரி 10

குஷன், பூச்சாடி பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்கிறார் ஒரு நண்பர். சரி.

அமெரிக்காவில் இதை ஸ்டேஜிங் என்கிறார்கள். 1970-களில் சியாட்டில் பக்கம் வீட்டுத் தரகராக இருந்த பார்ப் ஷ்வார்ஸ் என்ற பெண்மணி பிரபலப்படுத்தியது. சாமான்களைக் குறை, வீட்டுக்காரரின் சொந்த அடையாளங்களை எடு, வருகிறவர் தன்னை அங்கே வைத்துப் பார்க்கட்டும் என்பது அதன் சாரம். இதில் முதல் பகுதி நமக்கும் நூற்றுக்கு நூறு பொருந்தும். எங்கள் வீட்டின் ஹாலில் மட்டும் பதினொரு நாற்காலி இருந்தது. ஏழு நாற்காலியை எடுத்த பிறகுதான் அந்த ஹாலுக்குக் கிழக்குப் பார்த்த ஒரு நல்ல ஜன்னல் இருப்பது எனக்கே தெரிந்தது.

இரண்டாவது பகுதியில் எனக்குத் தயக்கம் உண்டு. அப்பா, தாத்தா, பாட்டி படங்களை எல்லாம் கழற்றினோம். கழற்றிய இடமெல்லாம் வெள்ளைச் சதுரமாக நின்றது, சுற்றிலும் கணப்புப் (குளிருக்குச் சுவரோரம் தீ மூட்டும் அடுப்பு) புகை ஏறிய சுவர். எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். பூஜை அலமாரியையும் காலி செய்தோம். காலியான பூஜை அலமாரியைப் பார்த்தால் நம் ஆட்களுக்கு மனம் ஒட்டுவதில்லை. கடைசியில் ஒரு விளக்கைத் திரும்ப வைத்தோம்.

அறைக்கு இவ்வளவுதான் சாமான் என்று முழுக்கத் துடைத்துவிட்டால் லாட்ஜ் மாதிரி ஆகிவிடும். மலையில் வீடு தேடுகிறவர் லாட்ஜைத் தேடி வருவதில்லை.

பிப்ரவரி 16

காகிதம். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் வீட்டின் முதல் அழகு அதன் காகிதம். நீலகிரியில் கட்டடம் கட்ட மற்ற ஊர்களில் இல்லாத கட்டுப்பாடுகள் உண்டு. 1993 விதிகளின்படி 7 மீட்டருக்கு மேல் உயரம் கூடாது. இதெல்லாம் வாங்க வருகிறவர்களுக்கு இப்போது நன்றாகவே தெரியும். உட்கார்ந்ததும், "அப்ரூவல் பிளான் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். தம்பி, உங்கள் மாடி அறை பிளானில் இருக்கிறதா, பிறகு போட்டதா? பிறகு போட்டது என்றால் விளம்பரத்தில் அதைச் சேர்த்து எழுதும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, தண்ணீர் வரி. அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றும் சேர்த்து. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் நகல் எடுத்து மேசைமேல் வையுங்கள். பூச்சாடி வேண்டுமானால் அதன் பக்கத்தில் இருக்கட்டும். எங்கள் பட்டா மறைந்த அப்பா பெயரிலேயே இருந்தது. அதை மாற்ற அலைந்ததில் நல்ல ஒருவரை இழந்தோம். அவர் இரண்டு மாதம் காத்திருந்துவிட்டுக் குன்னூரில் வேறு வீடு முடித்துவிட்டார்.

வாங்குகிறவரின் கணக்கையும் மனதில் வையுங்கள். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக மொத்தம் 9%. 2023 ஏப்ரலுக்கு முன் இது 11%. கட்டணம் குறைந்தபோதே வழிகாட்டி மதிப்பு (பதிவுக்கு அரசு வைக்கும் நில விலை) கூடியது, அதனால் அவர்களுக்குப் பெரிய மிச்சம் இல்லை. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவர் 1% வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் உங்களுக்குப் பணம் தருவார். அன்று போய் அதிர்ச்சி அடையாதீர்கள். அது உங்கள் கணக்கில்தான் வரவாகும்.

பிப்ரவரி 17

கூடலூர் நண்பர் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார், இரண்டும் சரி. நான் மழை என்றால் அக்டோபர், நவம்பர் என்றே எழுதி வருகிறேன். அது கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுக்கு. கூடலூர், பந்தலூருக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஊட்டிக்கு இரண்டிலும் கொஞ்சம். ஓதத்தைப் பார்க்கும் மாதம் ஊருக்கு ஊர் மாறும்.

இரண்டாவது, கூடலூரில் 1969 ஜென்ம நிலச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் குத்தகை நிலங்களின் கதையே வேறு. அங்கே அலங்காரம் செய்வதற்கு முன்னால் நிலம் எந்த வகை என்று தெரிய வேண்டும். அதைப் பற்றி எழுத அவர்தான் தகுந்தவர்.

மார்ச் 2

தம்பியின் வீட்டை இன்று நேரில் பார்த்தேன். அவரே அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில்.

வீடு நல்ல வீடு. அவர் பயந்த அளவு இல்லை. பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறார். மூன்று சுவரில் ஒன்றில்தான் உட்பக்கம் ஈரம், அதுவும் குளியலறை பைப் போகும் இடத்தில். ஒரு பிளம்பர் வேலை. இதற்காகத்தான் வீடு முழுக்கப் பெயின்ட் அடிக்கப் பார்த்தார்.

எனக்குக் கவலை தந்தது படி. சாலையிலிருந்து வாசலுக்கு முப்பத்திரண்டு படி, எல்லாம் பாசி. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள். அவர்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன் படியைப் பார்க்கிறார்கள். பாதி ஏறி நின்று கீழே திரும்பிப் பார்த்தால், அவர்கள் மனதில் வீடு அப்போதே முடிந்துபோகிறது. பிளீச்சிங் பவுடர் போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு பக்கமாவது இரும்புக் குழாயில் கைப்பிடி வைக்கச் சொன்னேன். பாதி வழியில் ஒரு கல் திண்ணை இருக்கிறது. உண்ணிச்செடி மூடிக் கிடந்ததை நானே கொஞ்சம் விலக்கினேன். உட்கார்ந்தால் எதிரே தேயிலைச் சரிவு முழுக்கத் தெரிகிறது. மூச்சு வாங்க உட்காரும் இடத்திலேயே அந்தக் காட்சி கிடைத்தால் மீதிப் படியைச் சந்தோஷமாக ஏறுவார்கள்.

காட்சியை மறைக்கிறது என்று ஒரு மரத்தை வெட்டலாமா என்றார். வேண்டாம் என்றேன். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்தே இருக்கிறது, அனுமதி இல்லாமல் கோடாரியைத் தொடக்கூடாது. அதோடு அந்த மரத்தின் வேர்தான் மேட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. வாங்குகிறவர்களும் கேட்கிறார்கள். தடுப்புச் சுவரில் நீர் வடியும் துளைகள் புல் அடைத்துக் கிடந்தன. ஒரு கம்பியால் குத்தித் திறக்க அரை நாள் போதும். திறந்திருக்கும் துளையைக் காட்டி, "மழையில் இதில்தான் தண்ணீர் வரும்" என்று சொல்லுங்கள். ஒரு நல்ல சோபாவைவிட இது பெரிய நம்பிக்கை.

தோட்டத்தில் ஹைட்ராஞ்சா அடர்த்தியாக நிற்கிறது. வெட்டிப் போட இருந்தார். நம் மண்ணின் புளிப்புக்கு அது நீலமாகப் பூக்கும், சமவெளிக்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுக்காமல் போக மாட்டார்கள். காய்ந்த தலைகளை மட்டும் கிள்ளுங்கள்.

மார்ச் 3

கரடி வருவதை வாங்க வருகிறவர்களிடம் சொல்லலாமா கூடாதா என்று தம்பி கேட்டதற்கு நேற்று, கேட்டால் சொல்லுங்கள் என்றேன். இரவு யோசித்தேன். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

குன்னூரிலும் கோத்தகிரியிலும் கரடியும் காட்டெருமையும் வராத தெரு எது? பேரிக்காய் பழுத்தால் கரடி வரும். மறைத்து விற்று, அவர்கள் வந்த முதல் மாதமே இருட்டில் வாசலில் காட்டெருமையைப் பார்த்தால்? வயதானவர்கள். அது விலை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. குப்பைத் தொட்டியை உள்ளே வைப்பது, வாசலில் நல்ல வெளிச்சமாக ஒரு விளக்கு, கீழே விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்குவது. இதைச் செய்து வைத்துவிட்டு, எதற்காகச் செய்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்.

மார்ச் 20

கணப்பு உள்ளவர்களுக்கு மட்டும் இது.

விற்கும்போது கணப்பு பெரிய பலம். ஆனால் வருடக்கணக்கில் எரியாத கணப்பை விருந்தாளி வரும் நாளில் முதன்முதலாக மூட்டாதீர்கள். நாங்கள் அதைச் செய்தோம். புகைபோக்கிக்குள் பறவைக் கூடு இருந்திருக்கிறது. கால் மணி நேரத்தில் ஹால் முழுக்கப் புகை, வந்தவர்களின் குழந்தை இருமிக்கொண்டு வெளியே ஓடியது. எனக்கு இன்றைக்கும் அந்தக் குழந்தையை நினைத்தால் வருத்தம்தான்.

முதல் வாரமே ஆள் வைத்துப் புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள். மூட்டும்போது செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, புகைபோக்கியின் வாய்க்கு நேராகக் கொஞ்ச நேரம் பிடியுங்கள். குளிர்ந்த குழாய் சூடானால்தான் புகை மேலே இழுக்கும். அவர்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் மூட்டினால், வரும்போது தணல் மட்டும் இருக்கும், சுவரும் சூடேறியிருக்கும்.

ஏப்ரல் 12

சீசனில் பார்க்க வருகிறவர்களுக்கு, நீலகிரிக்கு வண்டியில் வர இ-பாஸ் எடுக்கச் சொல்லி முதல் நாளே நினைவூட்டுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. சோதனைச் சாவடியில் ஒரு மணி நேரம் நின்று வந்தவருக்கு எந்த வீடும் அழகாகத் தெரியாது.

மே 26

தம்பி இன்று எழுதியிருந்தார்: மலர்க் கண்காட்சிக்கு வந்தவர்கள் ஒன்பது குடும்பம் பார்த்தார்களாம், ஒருவரும் திரும்ப அழைக்கவில்லையாம். மனம் விட்டுப்போயிருக்கிறார்.

தம்பி, சீசனில் வருகிறவர்களுக்கு எல்லா வீடும் பிடிக்கும். கீழே இறங்கி மேட்டுப்பாளையம் வெயில் பட்டதும் மறந்துவிடும். நானும் முதலில், காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே வெயிலில் மட்டும் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். முதல் முறை பார்க்க அது சரிதான். ஆனால் உண்மையாகவே வாங்க நினைப்பவர் என்று தோன்றினால், இரண்டாவது முறை மழையில் வரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டை வாங்கியவர்கள் அப்படி வந்தவர்கள்தான். அடுத்த அக்டோபரில், குடை திரும்பிக்கொள்ளும் காற்று. அவர் நேராகப் பின்பக்கம் போனார். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். உள்ளே வந்து பின் அறைச் சுவரில் கை வைத்தார். சுண்ணாம்புச் சுவர், சில இடத்தில் நிறம் சீராக இல்லை. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் மனைவி ஹாலில் இருந்த வெள்ளைச் சதுரங்களைப் பார்த்து, இங்கே யார் படம் இருந்தது என்று கேட்டார். சொன்னேன். அம்மாவின் புதினா வரைக்கும் பேச்சு போய்விட்டது. அன்று மாலையே விலை பேசினோம்.

தண்ணீர்த் தொட்டியையும் சொல்ல மறந்துவிட்டேன். கோவை, திருப்பூர்க்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். தொட்டியைக் கழுவி, மூடியைப் புதிதாகப் போட்டு, எத்தனை நாளுக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வருகிறது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். ஏப்ரலில் வருவது வேறு, டிசம்பரில் வருவது வேறு என்பதையும் சேர்த்து.

ஆகஸ்ட் 30

தம்பிக்கு முன்பணம் வந்துவிட்டது! குன்னூர் பக்கத்து வெலிங்டனில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தம்பதி. படிக் கைப்பிடியைப் பிடித்து ஏறி, திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறார்கள். குளியலறைச் சுவரைச் சரிசெய்த பில்லைக் கோப்பில் வைத்திருந்தது உதவியது என்கிறார். கேட்ட விலையில் கொஞ்சம் குறைத்திருக்கிறார், நியாயமான குறைப்புதான். பெயின்ட் அடித்தீர்களா என்று கேட்டேன். வாசல் கதவுக்கு மட்டும் அடித்தாராம். அது நல்ல செலவு.

கிரயம் முடியும் வரை ஜன்னல் திறக்கும் ஆளை நிறுத்தாதீர்கள். வருவது மழைக்காலம்.

நவம்பர் 11

நேற்று இரவு எங்கள் அரவேணு வீட்டை வாங்கியவர் போன் செய்தார். விற்று இரண்டு வருடம் ஆகிறது. எண்ணைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது, சுவர்தானோ என்று. சுவர் காய்ந்துதான் இருக்கிறதாம். கூரை விளிம்பில் மழைத் தண்ணீர் போகும் தகரத்தில் சில்வர் ஓக் இலை அடைத்துக்கொண்டு தண்ணீர் திண்ணையில் கொட்டுகிறது, உயரமான ஏணி ஒன்று இருந்ததே, அது எங்கே என்று கேட்டார்.

விறகுக் கொட்டகையின் பின்சுவரில், மேலே இரண்டு கொக்கியில் படுக்கை வசத்தில் மாட்டியிருக்கிறது என்று சொன்னேன். தம்பி, உங்கள் ஏணி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்களா?